கிளட்ச்சைத் தின்ற டிஃப்ரன்ஷியல்

எங்கள் மாருதி ஜிப்ஸி ஜீப்பின் கிளட்ச் தேய்ந்ததற்குப் பழி முழுக்க மாமா தலையில் விழுந்தது. பெடலிலிருந்து காலை எடுப்பதே இல்லை என்று அத்தை சொல்ல, பழைய வண்டி என்றால் இப்படித்தான் என்று மாமா சொல்ல, வீட்டில் அது ஒரு வழக்காகவே ஓடிக்கொண்டிருந்தது. என் கட்சி வேறு. அந்த கிளட்ச்சைத் தின்றது பின் ஆக்ஸிலில் உட்கார்ந்து இரண்டு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக்கொடுக்கும் பல்சக்கரக் கூட்டமான டிஃப்ரன்ஷியல். அதை விட்டுவிட்டு கிளட்ச்சை மட்டும் மாற்றினால் அடுத்த மாங்காய் சீசனுக்குள் மறுபடியும் கியர் பாக்ஸை இறக்க வேண்டி வரும். அதனால் இரண்டு வேலையையும் சேர்த்தே எங்கள் வீட்டு போர்ட்டிகோவில் எடுத்துக்கொண்டோம்.

வண்டி ஜிப்ஸி கிங், எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பெட்ரோல் பீய்ச்சும் வகை), 1298 சிசி. மாருதி 1985-ல் ஜிப்ஸியைக் கொண்டுவந்தபோது அதில் இருந்தது 970 சிசி என்ஜின். இந்தப் பெரிய என்ஜின் பிறகு வந்தது. பழைய காலத்து ஆள் மாதிரியான வண்டி. முன்னும் பின்னும் கட்டை ஆக்ஸில், நாலு பக்கமும் பட்டை ஸ்பிரிங். கம்ப்யூட்டர் வேலை குறைவு, ஸ்பேனர் வேலை அதிகம்.

அது உழைக்கிற இடம் ஜெகதேவியைத் தாண்டி இருக்கும் மாமாவின் மாந்தோப்பு. கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அந்தப் பக்கத்து நிலம் தெரியும்: செம்மண், நடுநடுவே கரடு, மண்ணை ஒரு சாண் கிளறினால் பாறை. தோப்பு பள்ளத்தில் இருக்கிறது. பெங்களூரா காயைக் கிரேட்டில் அடுக்கிக்கொண்டு மேலே ஏறி வந்தால்தான் கூழ் ஆலைக்குப் போகும் லாரியில் ஏற்ற முடியும். கோடை மழை ஒன்று பலமாக அடித்தால் போதும், வண்டித்தடத்தின் குறுக்கே தண்ணீர் வாய்க்கால் அறுத்துவிடும். அந்த வாய்க்காலில் ஒரு பின் சக்கரம் இறங்கும்போது இன்னொன்று தூக்கிக்கொள்ளும். தூக்கிய சக்கரம் விர்ரென்று சுற்றும், மண்ணில் இருக்கிற சக்கரம் அசையாது.

இது வண்டியின் கோளாறு இல்லை, டிஃப்ரன்ஷியலின் குணம். திருப்பத்தில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக ஓட வேண்டும். இரண்டையும் தனித்தனி வேகத்தில் சுற்ற விடுவதுதான் அதன் வேலை. ஆனால் விசையை மட்டும் இரண்டு பக்கமும் சமமாகத்தான் கொடுக்கும். காற்றில் இருக்கும் சக்கரத்தைச் சுற்ற விசை கொஞ்சம் போதும், அதனால் மண்ணில் நிற்கும் சக்கரத்துக்கும் அந்தக் கொஞ்சம்தான் கிடைக்கும். ‘ஃபோர் வீல் போட்டால் ஏறிடுமே’ என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். முன் ஆக்ஸிலிலும் அதே ஜாதி டிஃப்ரன்ஷியல். குறுக்கு வாட்டத்தில் முன்னால் ஒரு சக்கரம், பின்னால் ஒரு சக்கரம் தூக்கிக்கொண்டால் நாலு சக்கர வண்டி நின்ற இடத்தில் நின்று உறுமும்.

இதில் கிளட்ச் எங்கே வருகிறது? சக்கரம் சும்மா சுற்றுவதால் கிளட்ச் தேயாது. மாட்டியதும் மாமா செய்வதில்தான் தேய்மானம். ரிவர்ஸ் எடுப்பார், பெடலைப் பாதி விட்டபடி அரை கிளட்ச்சில் உறும விடுவார், முட்டுவார், மறுபடி பின்னால் வருவார். காய் லோடோடு அந்த மேட்டில் நாலைந்து முறை முட்டினால் வண்டிக்குள்ளேயே கருகல் வாடை வரும். லோ கியர் என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் கிளட்ச்சுக்குப் பாதி நிம்மதி. ஆனால் அதற்கு வண்டியை நிறுத்த வேண்டும். மேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்துவது மாமாவைப் பொறுத்தவரை தோற்றுப்போவதற்குச் சமம்.

கிளட்ச் வழுக்குகிறது என்பது சூளகிரி பக்கம் ஹைவேயில் வரும்போதே தெரிந்தது. டாப் கியரில் அழுத்தினால் என்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. டவுனில் ஒரு ஒர்க்ஷாப்பில் காட்டியதற்கு ‘பிக்கப் இல்லை, என்ஜின் வேலை பார்க்கணும்’ என்று பெரிய பட்ஜெட் போட்டார்கள். வீட்டு வாசலில் காசில்லாமல் செய்யும் சோதனை ஒன்று இருக்கிறது. ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, மூன்றாவது கியர் போட்டு, லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்து கிளட்ச்சை விடுங்கள். நல்ல கிளட்ச் என்றால் என்ஜின் உடனே திணறி அணைய வேண்டும். எங்களுடையது அணையாமல் ஆற அமர ஓடிக்கொண்டிருந்தது. என்ஜின் வேலைப் பேச்சு அதோடு முடிந்தது.

வாய்க்கால் பிரச்சினைக்கு மருந்து எல்எஸ்டி, அதாவது லிமிடெட் ஸ்லிப் டிஃப்ரன்ஷியல்: ஒரு சக்கரம் வழுக்கினாலும் மறுபக்கச் சக்கரத்துக்கு விசை போக வைப்பது. அதில் பல வகை. ஹெலிக்கல் பல் வகை தேய்மானம் குறைந்தது, ரோட்டில் ஓட்டச் சுகம். ஆனால் ஒரு சக்கரம் முழுக்கக் காற்றில் போய்விட்டால் அதுவும் கையை விரித்துவிடும். பிடிமானம் குறைந்த பக்கம் எவ்வளவு விசை ஏற்கிறதோ அதன் மடங்கைத்தான் மறுபக்கம் கொடுக்கும், பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். பிரேக்கை லேசாக மிதித்துச் சமாளிக்கலாம், மாமாவிடம் அதெல்லாம் நடக்காது. தட்டு வகையில், ஆக்ஸில் நுழையும் பல்சக்கரத்தோடு சுற்றும் தட்டு ஒன்று, டிஃப்ரன்ஷியலின் வெளிக்கூட்டோடு சுற்றும் தட்டு ஒன்று என்று அப்பளக் கட்டு போல மாற்றி மாற்றி அடுக்கி, ஸ்பிரிங் வைத்து அழுத்தியிருப்பார்கள். சக்கரம் காற்றில் இருந்தாலும் அந்த ஸ்பிரிங் அழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். எங்கள் வாய்க்காலுக்கு இதுதான் சரி. மஹிந்திரா தாரில் சில மாடல்களுக்கு ஈட்டனின் மெக்கானிக்கல் லாக்கிங் டிஃப்ரன்ஷியல் கம்பெனியிலேயே போட்டு வருகிறது; ஜிப்ஸிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, வெளியில்தான் தேட வேண்டும்.

தேடியது கோவையில். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கும் ஊர், ராலி ஓட்டுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. ஜிப்ஸியை ராலிக்குக் கட்டி ஓட்டிவிட்டு விற்ற ஒருவரிடம் தட்டு வகை ஒன்று இருந்தது. பழசுதான். வாங்கும் முன் எங்கள் ஆக்ஸில் ஸ்ப்லைனில், அதாவது முனையில் நீளவாக்கில் வெட்டிய வரிப்பல்லில், எத்தனை பல், அதில் எத்தனை பல் என்று போனிலேயே எண்ணிச் சரிபார்த்துக்கொண்டோம். வீட்டுக்கு வந்ததும் பிரித்துத் தட்டுகளை மைக்ரோமீட்டரில் அளந்தேன். எனக்கு வேலை ஓசூரில் டூல் ரூமில். அளக்காமல் எதையும் மாட்டினால் சாப்பாடு இறங்காது. தட்டுகளுக்குள் கனத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, சூட்டில் நீலம் பாயவில்லை, அது போதும்.

வண்டியை ஏற்றும்போது ஒரு விஷயத்தில் கறாராக இருந்தோம். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். கீழே படுப்பதாக இருந்தால் நாலு பக்கமும் ஸ்டாண்டு. ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி அதன் மேல் வண்டியை நிறுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சுவரில் எத்தனை பாரம் தாங்கினாலும், ஒரு முனையில் அழுத்தம் விழுந்தால் அந்தக் கல் எச்சரிக்கை கொடுக்காமல் நொறுங்கும்.

உதவிக்கு மாமா பையன், என் மச்சான். முதலில் ஆக்ஸிலுக்கு விசை கொண்டுபோகும் இரண்டு ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டையும் கழற்றினோம். ஃப்ளேஞ்சில் உளியால் அடையாளம் போட்டுவிட்டுக் கழற்றினால் மாட்டும்போது பேலன்ஸ் கெடாது. ஜிப்ஸியில் ஒரு பெரிய வசதி, விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர் பாக்ஸோடு ஒட்டியிருக்காது. தனியாக சேஸிஸில் தொங்கும், நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட். அந்தக் குட்டி ஷாஃப்ட்டை எடுத்துவிட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸைத் தொடாமலே கியர் பாக்ஸ் வந்துவிடும். வண்டிக்குள் கியர் ராடின் அடி மூடியை அழுத்தித் திருப்பினால் ராடு கையோடு வரும். அப்புறம் கிளட்ச் கேபிள், ரிவர்ஸ் லைட் ஒயர், ஸ்டார்ட்டர் மோட்டார். என்ஜினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து முட்டுக் கொடுத்துவிட்டு, கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் போல்ட்டுகள். மேலே இருக்கும் இரண்டு போல்ட்டுக்குத்தான் நீள எக்ஸ்டென்ஷனும் பொறுமையும் வேண்டும், மற்றதெல்லாம் சுளுவு.

பிரித்துப் பார்த்தால் கிளட்ச் பிளேட்டில் ரிவெட் தலை முகத்தோடு முகமாக நின்றது. லைனிங் முகத்திலிருந்து ரிவெட் தலை அரை மில்லிமீட்டர்கூட உள்ளே இல்லையென்றால் பிளேட்டை மாற்றிவிட வேண்டும். இதில் அளக்கவே எதுவும் மிச்சமில்லை. ஃப்ளைவீலில் ரூபாய் நாணயம் அளவுக்கு நீலத் திட்டுகள், சூட்டில் வந்தவை. நகத்தால் வருடினால் தட்டுப்படுகிற விரிசல் இல்லாததால் லேத்தில் கொடுத்து முகத்தை மட்டும் தேய்த்து வாங்கினேன். பெல் ஹவுசிங்குக்குள் கரித்தூள் அப்பியிருந்தது. மச்சான் கம்ப்ரெஸர் குழாயை எடுத்துக்கொண்டு வந்தான். வேண்டாம் என்று தடுத்தேன். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதை ஊதிப் பறக்கவிட்டு மூச்சில் இழுப்பது நல்லதில்லை. ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டிப் போட்டோம்.

கியர் பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே கிராங்கின் பின் ஆயில் சீல், கியர் பாக்ஸ் முன் சீல், பைலட் பேரிங், ரிலீஸ் பேரிங் நாலையும் மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம். சில நூறு ரூபாய் சீலுக்காகப் புது பிளேட் எண்ணெயில் ஊறினால் மொத்த வேலையும் திரும்ப முதலிலிருந்து. பிளேட்டை நடுவில் நிறுத்த லேத்தில் ஒரு நைலான் துண்டைக் கடைந்து வைத்திருந்தேன். ஒரு முனை பைலட் பேரிங்குக்குள், அடுத்த படி ஸ்ப்லைனுக்குள். பிரஷர் பிளேட் போல்ட்டுகளைக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். ஒரு பக்கம் முழுக்க முறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் கவர் கோணிக்கொள்ளும். ஸ்ப்லைனுக்கு கிரீஸ் விரல் நுனியில் தொட்டுத் தடவும் அளவு மட்டும்.

கியர் பாக்ஸை ஏற்றும்போது பொதுவாக எல்லோரும் செய்யும் அவசரம், பாதி நுழைந்ததும் போல்ட்டைப் போட்டு இழுப்பது. பிளேட்டின் நடு ஹப் வளைந்து போகும். நான்காவது கியரில் போட்டுவிட்டு, பின்னால் ஃப்ளேஞ்சை மெதுவாகத் திருப்பிக்கொண்டே தள்ளினால் பல்லோடு பல் சேர்ந்து ‘டப்’பென்று போய் உட்காரும். போல்ட் அதற்கப்புறம். பெடலில் ஒரு விரல் கனத்துக்கு ஃப்ரீ ப்ளே விட்டு கேபிளைக் கட்டினோம். கிளட்ச் வேலை அவ்வளவுதான்.

பின் ஆக்ஸில் பக்கம் போனால் முதல் பிரச்சினை வாடை. ஆக்ஸிலுக்கு ஊற்றும் ஹைபாய்ட் ஆயிலில் கந்தகம் சேர்ந்திருப்பதால் பழைய ஆயிலைத் திறந்துவிட்டதும் தெருமுனை வரை அழுகிய முட்டை நாற்றம். எதிர் வீட்டு அக்கா ஜன்னலைச் சாத்தினார். டிரம்மைக் கழற்றி, பிரேக் பைப்பை விடுவித்து, பேக் பிளேட்டின் நட்டுகளை எடுத்து இரண்டு ஆக்ஸிலையும் வெளியே இழுத்தோம். முழுக்க எடுக்க வேண்டியதில்லை, ஸ்ப்லைன் விடுபட்டால் போதும். ஜிப்ஸியில் டிஃப்ரன்ஷியல் முன்பக்கமாக ஒரே உருண்டையாகக் கழன்று வருகிற அமைப்பு. ஹவுசிங்கைச் சுற்றியுள்ள நட்டுகளை எடுத்துவிட்டு மரச்சுத்தியால் தட்டினால் கேஸ்கட் விட்டுக்கொடுக்கும். அதற்குப்பிறகு மேஜை மேல் வைத்து நிம்மதியாக வேலை பார்க்கலாம். கார் வேலையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

பேரிங் மூடிகள் இரண்டிலும் இடது வலது மாறாமல் புள்ளி குத்தி வைத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். அவை அந்தந்த இடத்திலேயே கடையப்பட்டவை. ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டோடு சுற்றி, கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தைத் திருப்பும் சின்னப் பல்சக்கரம்தான் பினியன். அதைத் தொடவே இல்லை. கிரவுனும் பினியனும் ஜோடியாகப் பிறந்தவை, பினியனின் ஆழம் மாறாதவரை பாதிக் கவலை இல்லை. கிரவுன் வீலைப் பழைய கூட்டிலிருந்து கழற்றி எல்எஸ்டிக்கு மாற்றினேன். அடித்து ஏற்றக் கூடாது. அம்மா கழித்துப்போட்டிருந்த குண்டானில் வென்னீர் வைத்து அதில் கிரவுன் வீலைப் போட்டு எடுத்து, ஈரம் போகத் துடைத்து வைத்தால் தானாக இறங்கி உட்கார்ந்துகொள்ளும். போல்ட்டுகள் தளராமல் இருக்க லாக்டைட் பசை, அளவாக முறுக்க டார்க் ரெஞ்ச்.

இனிமேல்தான் உண்மையான வேலை. கிரவுன் பல்லுக்கும் பினியன் பல்லுக்கும் நடுவே விடும் இடைவெளி, பேக்லாஷ், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். குறைந்தால் பல் சூடேறி உரசும், கூடினால் ஆக்ஸிலேட்டரை விட்டுப் பிடிக்கும்போதெல்லாம் ‘டங்’ என்று அடிக்கும். காந்த ஸ்டாண்டில் டயல் கேஜை நிறுத்தி, ஊசியைப் பல்லின் வெளிமுனையில் செங்குத்தாகப் படும்படி வைத்தேன். மச்சான் பினியன் ஃப்ளேஞ்சை அசையாமல் பிடித்துக்கொள்ள, நான் கிரவுனை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தேன். முதல் ரீடிங் 0.30. பக்கத்துக்கு ஒன்றாக மரை வளையங்கள் இருக்கின்றன. ஒரு பக்கம் ஒரு துளை தளர்த்தினால் மறுபக்கம் அதே ஒரு துளை முறுக்க வேண்டும், அப்போதுதான் பேரிங் அழுத்தம் மாறாமல் கிரவுன் மட்டும் நகரும். 0.22. இன்னொரு துளை, 0.15. கிரவுனைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி நாலு இடத்தில் பார்த்தேன், ஊசி பெரிதாகத் தடுமாறவில்லை.

அதோடு விட்டுவிடக் கூடாது. சில பற்களில் மார்க்கிங் புளூவை மெல்லிசாகத் தடவி, ஒரு துணியால் கிரவுனை இறுக்கிப் பிடித்து பினியனைச் சுற்றினால் பல் எங்கே படுகிறது என்று தடம் விழும். பல்லின் நடுவில், உள்முனை பக்கம் லேசாகச் சாய்ந்து நீளவாக்கில் விழுந்தது. முனையில் மட்டும் விழுந்திருந்தால் எவ்வளவு இருட்டியிருந்தாலும் திரும்பப் பிரித்திருப்பேன். ‘இதுக்கா மாமன் பையன் இவ்ளோ நேரம் கண்ணை இடுக்கிக்கிட்டு உட்கார்ந்தான்’ என்று அம்மா டீயும் நிப்பட்டும் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார். மச்சான் கண்ணை இடுக்கவே இல்லை, போனில்தான் இருந்தான்.

எல்லாவற்றையும் மாட்டி, பிரேக் பைப் கழற்றியதால் பிரேக்கில் காற்று எடுத்து முடித்ததும், இரண்டு பின் சக்கரமும் தரையில் படாத நிலையில் நியூட்ரலில் ஒன்றைக் கையால் திருப்பினேன். சாதா டிஃப்ரன்ஷியலில் எதிர்ப்பக்கச் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும். இப்போது இரண்டும் ஒரே திசையில் சேர்ந்து சுற்றின. செகண்ட் ஹேண்டில் எல்எஸ்டி இருக்கிறது என்று யாராவது வண்டி விற்றால் இதே சோதனையைச் செய்து பாருங்கள்.

ஆயில் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பின் ஆக்ஸிலுக்கு ஜிஎல்-5 தரத்தில் 80டபிள்யூ-90, அதோடு தட்டு வகைக்கென்று விற்கும் ஃப்ரிக்ஷன் மாடிஃபையர். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு திருப்பத்திலும் தட்டுகள் பிடித்து விட்டுப் பிடித்து விட்டுக் கடகடக்கும். கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4. உள்ளே பித்தளை சிங்க்ரோ வளையங்கள் இருப்பதால் மிச்சம் இருக்கிறதே என்று ஆக்ஸில் ஆயிலை அதில் ஊற்றக் கூடாது. தட்டுகள் பழக, ராகி அறுத்துக் காலியாகக் கிடந்த கொல்லையில் மெதுவாக எட்டுப் போட்டுக்கொண்டே இருந்தோம். வேலியோரம் நின்ற ஒரு பெரியவர், ‘லைசென்ஸுக்குப் பழகுறீங்களா’ என்று கேட்டார். அந்த ஆயிலைச் சூட்டோடு இறக்கிவிட்டுப் புது ஆயில் ஊற்றினேன். இறக்கிய ஆயிலில் கரும்பொடி இருந்தது, செதில் இல்லை.

அடுத்த மழைக்குப் பிறகு மாமாதான் ஓட்டினார். வாய்க்காலில் இடது பின் சக்கரம் தூக்கிக்கொண்டது, ஒரு சுற்று பதறியது, வலது சக்கரம் மண்ணைக் கவ்வி வண்டியை மேலே தள்ளிவிட்டது. ஃபோர் வீல்கூடப் போடவில்லை. மேலே வந்து நிறுத்திவிட்டு, ‘என்ன மாப்ளே, தடத்தைச் சமன் பண்ணிட்டீங்களா?’ என்று எட்டிப் பார்த்தார். அரை கிளட்ச் போடக் காரணம் இல்லாததால் போடவில்லை, அவர் குணம் மாறிவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம்.

ரோட்டில் ஓட்டும்போது சில விஷயங்கள் மாறியிருக்கின்றன. ஜிப்ஸி குட்டை வண்டி, பின்னால் காலியாக இருந்தால் இலேசு. ஈரத் தார் ரோட்டில் திருப்பத்தில் அழுத்தினால் முன்பெல்லாம் உள் சக்கரம் மட்டும் வழுக்கும்; இப்போது இரண்டும் சேர்ந்து வழுக்கிப் பின்பகுதியே விலகப் பார்க்கும். மழையில் கால் நிதானமாக இருக்க வேண்டும். பின் டயர் இரண்டும் ஒரே அளவு, ஒரே தேய்மானம். பழசு ஒன்று புதுசு ஒன்று போட்டால் நேர் ரோட்டிலும் தட்டுகள் ஓயாமல் உரசும். பஞ்சர் கடையில் கட்டாயம் சொல்ல வேண்டியது ஒன்று: ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி வைத்து என்ஜினைக் கியரில் ஓட்டவே கூடாது. தரையில் இருக்கும் சக்கரம் இழுத்து வண்டியை ஜாக்கியிலிருந்து தள்ளிவிடும். ஸ்டெப்னி மூடியில் இதைப் பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

முன் ஆக்ஸிலுக்கும் போடலாமே என்று மச்சான் ஆரம்பித்திருக்கிறான். முன்னால் போட்டால் ஃபோர் வீலில் ஸ்டீயரிங் கனத்துப் போகும், மாமாவின் தோள்பட்டை ஏற்கெனவே சரியில்லை, அதனால் இப்போதைக்கு இல்லை. முன் சக்கரம் திரும்பும் மூட்டான நக்கிளில் சீல் கசிகிறது. சீலுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், வந்ததும் அந்த வேலை.